ஒன்பதாவது தலை

திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த டீக்கடையில் ஹரிபிரசாத் மூன்றாவது டீக்குக் கை நீட்டினான். இதுவரை ஒரு வார்த்தைகூட உருப்படியாகச் சொல்லவில்லை.

"சார், இவரு குடிக்கிற வேகத்துக்கு நம்ம ஃபீஸ் பத்தாது," என்றாள் கீர்த்தி. "ஃபீஸே ஒரு மூட்டை மல்லாக்கொட்டைதான். கடைக்காரர் அதை வாங்கிப்பாரான்னு கேளுங்க."

கோவர்த்தனன் சிரிக்கவில்லை. நகரியில் விசைத்தறி ஓட்டி, இடது கை மோதிர விரலில் பாதியைத் தறிக்கே கொடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். காணாமல் போன மாடு, காணாமல் போன மோட்டார் சைக்கிள், காணாமல் போன புருஷன் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. உதவிக்கு இருந்த கீர்த்தி இன்ஜினியரிங் படிப்பைப் பாதியில் விட்டவள். எடுத்த பேச்சை மட்டும் பாதியில் விட்டதில்லை.

இந்த வழக்கில் ஆள் காணாமல் போகவில்லை. செத்துப் போயிருந்தான்.

செத்தவன் பெயர் சம்பத். விஜயபுரத்துக்காரன். சத்தியவேட்டுப் பக்கம் கார்க் கதவு செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே கம்பிக் கூண்டுக்குள் ஒரு இரும்புக் கை நின்றுகொண்டு தகடுகளைத் தூக்கித் தூக்கி வைக்கும். கூண்டுக்குள் மனிதர் இருந்தால் அது அசையாது. ஒவ்வொருவர் ஹெல்மெட்டிலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். கூண்டுக் கதவு அந்தப் பட்டையைப் படித்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கைக்குச் சொல்லும். ஆயுத பூஜை அன்று பூஜையை முடித்துக்கொண்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். சம்பத் வரவில்லை. வெளியே இருந்த பலகை பூஜ்யம் காட்டியது. பச்சை விளக்கு எரிந்தது. கை சுழன்றது.

"சாமி கும்பிட ஹெல்மெட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, முன்னால் போனவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். அவனுடைய கவனக்குறைவு," என்றது தொழிற்சாலை. ஹெல்மெட்டும் கூண்டுக்கு வெளியேதான் கிடந்தது. போலீஸ் அதையே எழுதிக்கொண்டது. ஊர் அதையே பேசியது.

சம்பத்தின் மனைவி அலர்மேல்மங்கை ஒரு மூட்டை வேர்க்கடலையோடு கோவர்த்தனனின் அறைக்கு வந்து கேட்டது ஒன்றுதான். "அவரு ஹெல்மெட்டைக் கழட்டினாரா இல்லியா? அது தெரிஞ்சா போதும்ணா. எம்பொண்ணு ரக்‌ஷிதாவைப் பள்ளிக்கூடத்துல கேக்கறாங்களாம், உங்க நைனா சோம்பேறித்தனத்தாலதானே செத்தாருன்னு."

அதற்காகத்தான் இந்த டீயெல்லாம். கதவும் கையும் பேசிக்கொள்ளும் பேச்சை எழுதியவன் இந்த ஹரிபிரசாத்.

"அண்ணா, நான் எழுதினது புரோகிராம்கூட இல்லண்ணா," என்று ஒருவழியாக வாயைத் திறந்தான். "கதவு செஞ்சது ஒரு கம்பெனி, கை செஞ்சது வேற கம்பெனி. இது பேசறது அதுக்குப் புரியாது. ரெண்டும் என்னென்ன சொல்லிக்கணும், எப்படிச் சொல்லிக்கணும்னு நடுவுல ஒரு ஒப்பந்தம் எழுதணும். அதை எழுதறதுக்குன்னே ஒரு பாஷை இருக்குது. இடைமுக வரையறை மொழி."

"புத்தூர் சந்தையில தமிழும் தெலுங்கும் தெரிஞ்ச தரகர் மாதிரி," என்றாள் கீர்த்தி. "ஆனா கமிஷன் கிடையாது."

"அந்த ஒப்பந்தத்துல, உள்ள இருக்கிறவங்க லிஸ்ட்னு ஒண்ணு வரும். அதை ரெண்டு விதமா எழுதலாம். ஒண்ணு, நீளம் மாறாதது. எட்டுன்னா எப்பவும் எட்டு இடம். ரெண்டே பேர் இருந்தாலும் ஆறு இடம் காலியாவே போவும். இன்னொண்ணு, நீளம் மாறுறது. மொதல்ல எத்தினி பேர்னு ஒரு நம்பர், பின்னாடியே அத்தினி பேர். நான் போட்டது அதுதான்."

"எத்தனை பேர் வந்தாலும் நீளுமா?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

ஹரிபிரசாத் டீயைப் பார்த்தான்.

"மொதல்ல அப்படித்தான் எழுதினேன். கை கம்பெனிக்காரங்க ஒத்துக்கல. எங்க கன்ட்ரோல் பெட்டியில இடம் கம்மி, முடிவே இல்லாம நீண்டா தாங்காது, ஒரு மேல்வரம்பு போடுன்னாங்க. நியாயந்தான். கூண்டுக்குள்ள எட்டுப் பேருக்கு மேல போகக் கூடாதுன்னு தொழிற்சாலை விதி இருந்துது. அதனால நீளம் மாறலாம், எட்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டேன்."

"ஒன்பதாவது ஆள் வந்தா?"

"கதவே திறக்கக் கூடாது. அது கதவு கம்பெனி பார்த்துக்க வேண்டியது."

"பார்த்துக்கிட்டாங்களா?"

"லிஸ்ட் எட்டைத் தாண்டாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்குதே, நாம எதுக்குப் பார்க்கணும்னு விட்டுட்டாங்க. அவங்க பார்ப்பாங்கன்னு நான் விட்டுட்டேன்."

கோவர்த்தனன் கீர்த்தியின் பையில் கைவிட்டு ஒரு பிடி வேர்க்கடலையை எடுத்தார். மேசைமேல் ஒன்பதை வரிசையாக வைத்தார். கடைசிக் கடலையைப் பாதி விரலால் தொட்டுக்கொண்டு, "கதவு திறந்துது. இவன் உள்ள வந்துட்டான். லிஸ்ட்ல இடம் இல்ல. அப்ப?" என்றார்.

"அப்ப... அவன் லிஸ்ட்ல ஏறமாட்டான். யாரும் சத்தம் போடமாட்டாங்க. போர்டு எட்டுன்னு காட்டும்."

கோவர்த்தனன் முதல் எட்டுக் கடலையையும் ஒவ்வொன்றாக மேசையின் மறுபக்கம் தள்ளினார். எட்டும் போனது. இந்தப் பக்கம் ஒரு கடலை அப்படியே இருந்தது.

"போர்டு?"

"பூஜ்யம்," என்றான் ஹரிபிரசாத். "ஆனா அண்ணா, அன்னிக்கு உள்ள போனது எட்டே பேர்னு கூட வேலை செய்யறவங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. எட்டுன்னா என் லிஸ்ட் சரி. எட்டுன்னா சம்பத் பட்டை இல்லாமதான் போயிருக்கணும்."

"இப்பவும் மேல்வரம்பு எட்டுன்னுதான் இருக்குதா?"

"அந்த வாரமே பதினாறு ஆக்கிட்டாங்க. பழசைத் தேடினாலும் கிடைக்காது."

"எட்டுன்னு இருந்ததுக்குச் சாட்சி?"

"நான்தான்."

"வந்து சொல்லுவியா?"

ஹரிபிரசாத் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். "எனக்கு இப்ப இருக்கிற வேலையும் அந்தத் தொழிற்சாலைக்காரங்க குடுத்ததுதாண்ணா," என்றான். பேருந்துகளுக்கு நடுவில் நுழைந்து போய்விட்டான்.

மேசையில் மிச்சமிருந்த கடலையை எடுத்து வாயில் போடப் போன கீர்த்தி, போடாமல் வைத்துவிட்டாள்.

சத்தியவேட்டுக்குப் போகிற பேருந்து புத்தூரைத் தாண்டியது. பேருந்தில் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கோவர்த்தனன் கணக்குப் போட்டுப் பார்த்தார். கூண்டில் வேலை செய்கிறவர்கள் சம்பத்தோடு சேர்த்து எட்டுப் பேர். பொத்தான் அமுக்குகிற ஜெபகுமார் எப்போதும் கூண்டுக்கு வெளியே. அவன் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் பூஜைக்கும் உள்ளே போவதில்லை. எப்படிக் கூட்டினாலும் எட்டுத்தான் வந்தது.

"சார், போலீஸ்காரர் அனுப்பிச்ச போட்டோவை இன்னொரு தடவை பாருங்க," என்று கீர்த்தி போனை நீட்டினாள்.

ஏற்கெனவே பார்த்துப் பார்த்துச் சலித்த படம்தான். இரும்புக் கைக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. அடியில் மூலைகளில் எலுமிச்சம்பழம். புது வண்டியைப் பழத்தின்மேல் ஏற்றுகிற மாதிரி, இங்கே பூஜை முடிந்ததும் கையை ஒரு சுற்று விட்டு நசுக்குவது வழக்கம். எல்லாரும் வெளியே போன பிறகு கடைசி ஆள் பழங்களை வைத்துவிட்டு வர வேண்டும். படத்தில் மூன்று மூலைகளில் பழம் இருந்தது. நாலாவது மூலை கையின் பின்புறம், பொத்தானிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத இடம். அந்தப் பழம், வெளியே தூக்கியபோதும், சம்பத்தின் கையிலேயே இருந்தது.

"பழத்தை விடுங்க. பூவைப் பாருங்க. முழங்கைகிட்ட."

"மாலை."

"மாலை சாமந்தி. இது கனகாம்பரம். ஒரு சாண்கூட இல்ல. நல்லா பெரிசு பண்ணிப் பாருங்க. சரத்துல ஒரு ஹேர்பின் மாட்டிக்கினு கீது."

கோவர்த்தனன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இருந்தது. கறுப்பாக, வளைந்து, ஒரு பின்.

"யாரோ தலையில வெச்சிருந்ததுல பாதியைப் பிச்சு மிஷினுக்கு வெச்சிருக்காங்க," என்றாள் கீர்த்தி. "கோயிலுக்குப் போய் அம்மனுக்கு வெக்கிற மாதிரி. அந்தக் கூண்டுல வேலை செய்யற தலை எல்லாத்தையும் நான் பார்த்துட்டேன் சார். பின்னு குத்தற அளவுக்கு ஒருத்தருக்கும் முடி இல்ல. மூணு பேருக்கு முடியே இல்ல."

ஒன்பதாவது தலை கிடைத்துவிட்டது. தொழிலில் இப்படி ஒரு நூல் கையில் சிக்கினால் கோவர்த்தனனுக்கு உடம்பு நிமிரும். இன்றைக்கு நிமிரவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

சத்தியவேட்டில் ஜெபகுமார் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். தொழிற்சாலை அவனை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அவனாகவேதான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். பொத்தான் இருக்கும் பக்கம் போகவே முடியவில்லையாம்.

"எத்தனை பேர் உள்ள போனாங்க?" என்றார் கோவர்த்தனன்.

"எட்டு."

"போலீஸ்கிட்டயும் எட்டு, எங்ககிட்டயும் எட்டு," என்றாள் கீர்த்தி. "பைபிள் வசனம் மாதிரி நல்லா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க."

"எட்டுன்னா எட்டுதாம்மா. வேலை கீது, போறேன்."

கீர்த்தி போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இந்தப் பின்னு எட்டுல யாரோடது?"

ஜெபகுமார் தோளிலிருந்த மூட்டையை இறக்கினான். அதன்மேலேயே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"அன்னிக்கு எல்லார் வூட்டு ஆளுங்களும் வந்திருந்தாங்க சார். பூஜைன்னா விடுவாங்க. விசிட்டர் ஹெல்மெட்டு போட்டுக்கினு ஷெட்டைச் சுத்திப் பார்க்கலாம், அதுலயும் பட்டை கீது. கூண்டுக்குள்ள மட்டும் கூட்டிக்கினு போகக் கூடாது. சம்பத்து அண்ணன் ஒருத்தரைக் கூட்டிக்கினு போயிட்டாரு. கற்பூரத் தட்டை எடுத்துக்கினு அந்தம்மாதான் மொதல்ல போச்சு. பசங்க பின்னாடியே போனாங்க. அண்ணன் பழத்தை எடுத்துக்கினு கடைசியா போனாரு."

"அதை ஏன் சொல்லல?"

"அண்ணன் செத்துப் பூட்டாரு. வெளியாளை உள்ள கூட்டிக்கினு போனது தெரிஞ்சா பழியை அவரு மேலேயே போடுவாங்க. அந்தம்மாவையும் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க. அதான் மீதி இருக்கிற நாங்க எல்லாரும் பேசிக்கினோம். எட்டுன்னே சொல்லிடலாம்னு. அந்தம்மாகிட்டயும் வாயைத் திறக்காதீங்கன்னு சொல்லிட்டோம்."

கோவர்த்தனனுக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியாத எரிச்சல். "எட்டுன்னு நீங்க சொன்னதாலதாண்டா அவன் ஹெல்மெட் இல்லாம போனான்னு ஆச்சு. அந்தக் கதவோட லிஸ்ட்ல எட்டுப் பேருக்குத்தான் இடம். ஒன்பதுன்னு சொல்லியிருந்தா அவன்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிருக்கும்."

ஜெபகுமார் அவரையே பார்த்தான். புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. புரிந்தபோது அவன் முகத்தில் எதுவுமே நடக்கவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"ஹெல்மெட்டு தலையிலதான் சார் இருந்துது," என்றான். "வெளிய தூக்கியாந்தப்ப கழுத்து தொங்கிச்சு. நான்தான் கழட்டிக் கீழ வெச்சேன். போலீஸ்ல சொன்னேன். பொத்தானை அமுக்கினவன், நீ வேற என்ன சொல்லுவன்னு கேட்டாங்க."

"உள்ள ஆள் இருக்கிறதை நீ பார்க்கலயா?"

"நான் ஆளைப் பார்க்கல. போர்டைப் பார்த்தேன். ஜீரோன்னு காட்டிச்சு. சூப்பர்வைசர் தெலுங்குல 'வதுலு', விடுன்னாரு. விட்டேன்."

மண்டிக்காரர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். ஜெபகுமார் எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"யாருப்பா அந்தம்மா? ஊர் எது?" என்று கேட்டார் கோவர்த்தனன். "ஒன்பதாவது ஆள் இருந்ததை அந்தம்மா வந்து சொன்னா, அலர்மேல்மங்கைக்கு ஒரு வழி பிறக்கும்."

ஜெபகுமார் மூட்டையோடு திரும்பினான்.

"அலமேலு அண்ணிதான் சார் அது. உங்களை அனுப்பிச்சவங்களேதான்."

விஜயபுரம் போகிற பேருந்தில் கீர்த்தி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "ஹெல்மெட் இருந்துதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடலாம் சார். அவங்க கேட்டதே அதுதானே."

"சரி," என்றார் கோவர்த்தனன். அப்படித்தான் அவரும் நினைத்திருந்தார்.

கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கி முடிந்திருந்தது. அலர்மேல்மங்கை செடிகளைக் குவித்து வைத்துக்கொண்டு காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். வரப்போரம் கனகாம்பரச் செடிகள் பூத்துக் கிடந்தன. பறிப்பார் இல்லாமல் பூக்கள் செடியிலேயே வாடி உதிர்ந்திருந்தன. கோவர்த்தனன் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

"ஹெல்மெட்டு தலையிலதான் இருந்துதும்மா," என்றார். உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

அவள் கை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மண்தான் அப்பிக்கொண்டது.

"எனக்குத் தெரியும்ணா. உள்ள நிக்கிறப்பவே பார்த்தேன், வாயைத் திறக்காதீங்கன்னு பசங்க சொன்னதாலதான் உங்களை விட்டுத் தேடச் சொன்னேன். வண்டியை நிறுத்திட்டு வூட்டுக்குள்ள வந்தப்பறந்தான் கழட்டுவாரு. வாசல்லயே கழட்டினா என்னான்னு நானே எத்தினி தடவை ஏசியிருக்கிறேன்." கொஞ்சம் சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை அவளிடம் அவர்கள் பார்த்ததில்லை. "அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடலாமில்ல? பள்ளிக்கூடத்துல?"

"சொல்லலாம்."

"ஹெல்மெட்டு இருந்தும் அந்த மிஷினுக்கு ஏண்ணா அவரைத் தெரியல?"

கோவர்த்தனன் பக்கத்தில் கிடந்த கடலைச் செடியை எடுத்து அவரும் ஆயத் தொடங்கினார். ஒரு பொய்யைத் தேடினார். பிழைப்பே பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் என்பதால், சொல்லத் தகுந்த பொய் ஒன்றும் அகப்படவில்லை.

"மிஷின்ல கோளாறும்மா. எண்ணறதுல."

"எண்ணாம என்னா? அது நல்லாத்தானே எண்ணிச்சு," என்றாள் அவள். "நான் மொதல்ல போனேன். ஒவ்வொருத்தருக்கும் கதவு கீய்னு சத்தம் போட்டுது. எனக்குக் கத்தினப்ப அவரு சிரிச்சாரு. 'பாரு, உன்னை எண்ணிக்கிச்சு'ன்னாரு. நம்பர்கூட ஏறிச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எட்டு வரைக்கும்..."

அங்கே நிறுத்தினாள்.

அவள் உதடுகள் அசைந்தன. கூண்டுக்குள் நின்றவர்களின் பெயர்கள். சுனில், கிரண்குமார், மற்றவர்கள். விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். எட்டு விரலும் மடங்கியது. ஒன்பதாவது விரல் அப்படியே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எட்டுக்கு மேல இடம் இல்லியா அதுல?"

"இல்லம்மா."

"நான் போகலன்னா அவரு எட்டாவது."

அவள் கேள்வியாக அதைக் கேட்கவில்லை.

வெகுநேரம் அவள் காய் ஆய்ந்தாள். முன்னைவிட வேகமாக ஆய்ந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒன்பது பேர் இருந்தோம், நான் உள்ள இருந்தேன்னு போய்ச் சொன்னா?"

"ஹெல்மெட்டோடதான் போனான்னு ஆகும். ஆனா வெளியாளை உள்ள கூட்டிக்கிட்டுப் போனது அவன் குத்தம்னு போடுவாங்க. பழைய எட்டு இப்ப அங்க இல்ல, மாத்திட்டாங்க. எழுதினவன் வாயைத் திறக்கமாட்டான். கேஸ் நிக்காது. உனக்கு ஒண்ணும் கிடைக்காதும்மா."

"சொல்லலன்னா?"

"ஹெல்மெட்டைக் கழட்டினான்னே இருக்கும்."

"ரெண்டுலயும் அவருமேலதான்."

"ஆமாம்மா."

அலர்மேல்மங்கை மடியிலிருந்த காய்களைக் கூடையில் கொட்டினாள். கைகளைத் தட்டிக்கொண்டாள். நகக்கண்ணில் மண் போகவில்லை.

"எதுக்குச் செத்தாருன்னு எம்பொண்ணுக்கு ஒண்ணு சொல்லணுமில்லண்ணா," என்றாள். "அவரு மிஷினை எனக்குக் காட்டறதுக்குக் கூப்டாரு. அதுக்குன்னே இருக்கட்டும்."

கீர்த்தி போனை எடுத்தாள். அலர்மேல்மங்கை சொல்லப்போவதைப் பதிய வேண்டிய இடத்தை அழுத்தினாள்.

"எங்கேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்லணும்?" என்று கேட்டாள் அலர்மேல்மங்கை.

"கதவுகிட்டேர்ந்து," என்றார் கோவர்த்தனன்.